சவாரோ பூக்கும்வரை இருக்கலாமா?

அரிசோனாவில் மேசாவில் தங்கியிருக்கும் 67 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், அதனால் தேவையானதை மட்டும் அவர் நடையிலேயே தருகிறேன். (சவாரோ என்பது இந்தப் பாலைவனத்தில் மரம்போல் உயரமாக வளரும் கள்ளி.)

“நானும் இவரும் மூன்றாவது வருசமா ஸ்காபரோவில இருந்து வந்து மேசாவில குளிர்காலத்தைக் கழிக்கிறம். ஒக்டோபர் 25 வந்தனாங்கள், ஏப்ரல் 20 காரில வெளிக்கிட வேணும். இவருக்கு 71 வயது, 18 வருசமா சீனி வருத்தம், பிரஷரும் இருக்கு. ராமிப்ரில், தண்ணிக் குளிசை, மெட்ஃபார்மின், ஜார்டியன்ஸ் எடுக்கிறார். நடந்திட்டு வந்தால் முழங்கால் நோகுதெண்டு ஐபுப்ரூஃபனும் போடுவார். போறதுக்கு முதல் அஞ்சு விசயம் முடிக்க வேணுமெண்டு லிஸ்ட் வச்சிருக்கிறார்: சுப்பீரியரில இருக்கிற தாவரத் தோட்டம், கேன்யன் லேக் படகு, டூசானில சவாரோ பார்க், சூப்பர்ஸ்டிஷன் மலையில ஏறுறது, பிறகு இங்க பக்கத்து ஆக்களோட ஏ.டி.வி. எண்ட நாலு சக்கர மண்பாதை வண்டி ஓட்டம். சவாரோ பூக்கிறதை இன்னும் பாக்கேல்லை எண்டு பயணத்தை ரெண்டு கிழமை தள்ளவும் கேக்கிறார். மகள் ஃபோனில ஏசுறா, இந்த வயசில வெயிலுக்க ஏன் திரியிறீங்கள் எண்டு. இவர், யாழ்ப்பாணத்தில நான் பாக்காத வெயிலோ எண்டு சிரிக்கிறார். யார் சொல்லுறது சரி? மற்றது, மூண்டு கிழமையா இவருக்கு வறட்டு இருமல். பின்னேரத்தில அலுப்பெண்டு படுத்திடுறார். தூசிதானாம், கனடா போனால் சரிவருமாம்.”

அக்கா, நீங்கள் கேட்டது வெயிலைப் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது, போகிற போக்கில் கடைசியில் சொல்லிவிட்டுப் போன அந்த இருமலைத்தான். மூன்று வாரமாக வறட்டு இருமல், கூடவே அசதி, சர்க்கரை நோயாளி, ஐந்து மாதமாக மேசாவில் இருக்கிறார். ஃபீனிக்ஸ் பக்கம் குடும்ப மருத்துவம் பார்க்கிற யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் நினைவுக்கு வருவது வேலி ஃபீவர். (நம் வேலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கை வைத்து வந்த பெயர்.)

இது மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை. மழை பெய்தால் மண்ணுக்குள் வளரும், காய்ந்ததும் நொறுங்கித் தூசியோடு தூசியாகக் காற்றில் ஏறும், மூச்சோடு நுரையீரலுக்குள் போய் உட்காரும். உங்கள் வீட்டுக்காரர் தூசி என்று சொல்வது பாதி சரிதான், அந்தத் தூசியில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அரிசோனாவில் ஃபீனிக்ஸ், டூசான், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பினால் கவுண்டி, இந்தப் பட்டைதான் இதன் சொந்த ஊர். தூசி உள்ளே போன 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சல், இருமல், மூட்டு வலி, இரவில் வியர்வை, எல்லாவற்றையும் விட ஆளைச் சாய்க்கிற ஒரு அசதி. பத்தில் ஆறு பேருக்கு ஒன்றுமே தெரியாது, தானாகப் போய்விடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, அதனால் உங்களுக்குத் தொற்றுமோ, பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றுமோ என்ற கவலை வேண்டாம். ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நுரையீரலில் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் அவர் விஷயத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று நான் விடமாட்டேன்.

இங்கே இருப்பதில் ஒரு வசதி, இது எங்களுக்குப் பழகிய நோய். இந்த ஊர்களில் நிமோனியா என்று வருகிறவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்குக் காரணம் இந்தப் பூஞ்சைதான் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் கேட்காமலேயே பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிற மருத்துவர்கள் உண்டு. வடக்கே போய்விட்டால் கதை வேறு. என்னிடம் வந்துகொண்டிருந்த மானிடோபாக்காரர் ஒருவர், கோல்ஃப் பைத்தியம், ஏப்ரலில் இங்கிருந்து நன்றாகத்தான் கிளம்பினார். மே மாதம் அங்கே இருமல். ஒரு ஆன்டிபயாடிக், அது கேட்கவில்லை என்று இன்னொன்று, பிறகு எக்ஸ்ரேயில் ஒரு பொட்டு, ஸ்கேன், புற்றுநோயாக இருக்கலாம் என்று ஊசி விட்டுச் சதை எடுக்கத் தேதியும் குறித்துவிட்டார்கள். கடைசியில் வேறு ஏதோ பேச்சில் அவர் மனைவி ‘நாங்கள் அரிசோனாவில் இருந்தபோது’ என்று ஆரம்பிக்க, அங்கே நின்ற இளம் டாக்டர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு ரத்தப் பரிசோதனை, விஷயம் முடிந்தது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று அடுத்த நவம்பரில் வந்தபோது சொன்னார்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் சேரும். இலங்கையிலோ இந்தியாவிலோ பிறந்தவர், இருமல், எக்ஸ்ரேயில் பொட்டு என்றால் கனடாவில் முதலில் காசநோயைத்தான் தேடுவார்கள். தேடுவது தப்பில்லை, படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அதோடு பாலைவனத்தில் குளிர்காலம் கழித்த சங்கதியும் மருத்துவர் காதில் விழ வேண்டும்.

ஆகவே இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 20-ம் தேதி வரை இழுக்க வேண்டாம். போவதற்கு முன் பயண இன்சூரன்ஸ் அட்டையில் இருக்கிற உதவி எண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள், முதலில் சொல்லாமல் போனால் பல பாலிசிகளில் பணம் வாங்குவது பெரும்பாடு. மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: “காக்ஸி ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா, நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டுமா?” இங்கே எல்லோரும் அதை ‘காக்ஸி’ என்றுதான் சொல்வோம், புரியும். ஆரம்பத்தில் எடுத்தால் சில சமயம் இல்லை என்று வரும், இருமல் நீடித்தால் மறுபடி எடுக்க வேண்டும். அந்த மறுபடி எடுப்பது உங்கள் கணக்கில் ஸ்காபரோவில்தான் வரும், எனவே இங்கே எடுத்த முடிவையும் எக்ஸ்ரே படத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இருமலுக்கு என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், இது பூஞ்சையாக இருக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க வேண்டாம். பூஞ்சையாக இருந்தால் ஸ்டீராய்டு அதற்கு விருந்து வைத்த மாதிரி.

ஒன்றும் இல்லை என்றும் வரலாம். ராமிப்ரில் மாத்திரையே சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், தொண்டையில் அரிப்பது போல விடாமல் வரும். ஆனால் இருமலோடு சேர்ந்து இப்படிப் பின்னேரத்தில் படுக்க வைக்கிற அசதியையும் அந்த மாத்திரையின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் நான் முதலில் அதைப் பிடிக்கவில்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

சரி, இப்போது வெயிலுக்கு வருவோம்.

மகளும் முழுக்கச் சரியில்லை, அவரும் முழுக்கச் சரியில்லை. ஏப்ரலில் மேசா நெருப்பு இல்லை, பகல் உச்சம் சராசரியாக 30 டிகிரி செல்சியஸ் பக்கம்தான். ஃபீனிக்ஸில் 100 ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 38 செல்சியஸைத் தொடுகிற முதல் நாள் சராசரியாக மே மாதத் தொடக்கத்தில் வரும். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்சம் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காமல் அடித்ததே, மகள் மனதில் இருப்பது அந்தப் படம். அது உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் அதற்கு வெகு முன்னால் கிளம்பிவிடுகிறீர்கள்.

ஆனால் ‘யாழ்ப்பாணத்தில் பார்க்காத வெயிலா’ என்கிற பேச்சை மதுரைக்காரியான நானும் இங்கே வந்த முதல் வருடம் பேசியிருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன், அது வேறு வெயில். நம் ஊர் வெயில் சத்தம் போட்டுக்கொண்டு வரும். சட்டை முதுகில் ஒட்டும், நெற்றியில் வழியும், உட்கார் என்று உடம்பே சொல்லும். இங்கே பிற்பகல் காற்றில் ஈரமே கிடையாது, வியர்த்த உடனே காய்ந்துவிடும், தோலைத் தொட்டால் உலர்ந்து கிடக்கும், வியர்க்கவே இல்லை என்று நினைப்போம். நடந்துவிட்டு வந்ததும் அவர் தொப்பியின் உள்பட்டையையும் சட்டை அக்குளையும் பாருங்கள், வெள்ளையாக அலை அலையாக ஒரு கோடு இருக்கும். அது உப்பு. அவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது, அவருக்குத் தெரியாமல். போதாததற்கு வயது ஏற ஏறத் தாகம் எடுக்கிற உணர்வும் மழுங்கும். எழுபது வயதுக்காரர் தாகம் எடுத்தால் குடிக்கிறேன் என்று காத்திருந்தால் அதற்குள் கொஞ்சம் வற்றிவிட்டிருப்பார்.

இதில் அவர் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீர் மாத்திரை தண்ணீரை வெளியேற்றும். ஜார்டியன்ஸ் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துப் போகும். ராமிப்ரில் சிறுநீரகத்துக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். இவை எல்லாமே அவருக்கு நல்லது செய்கிற மருந்துகள்தான், சண்டை மருந்துகளோடு இல்லை. நான்காவதாக முழங்காலுக்கு ஒரு ஐபுப்ரூஃபன் வந்து விழுகிறதே, அதோடுதான் சண்டை. உடம்பு வற்றிய நாளில் நீர் மாத்திரை, ராமிப்ரில், ஐபுப்ரூஃபன் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் ஒரே வாரத்தில் படுத்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் கிடைப்பதால் அதை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முழங்காலுக்கு அசெட்டமினோஃபென் போடட்டும், கனடாவில் டைலெனால் என்று வாங்குவீர்களே அது. அல்லது மேலே தடவுகிற ஜெல்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர் தங்காத நாளில் இவற்றில் எதை எல்லாம் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. கனடாவில் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கொடுப்பார்கள். அவரிடம் இல்லையென்றால் ஸ்காபரோ மருத்துவரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ ஃபோனிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடிப்பது பற்றி: கிளம்பும் முன்பே இரண்டு குவளை, நடக்கும்போது மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்ததும் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்ப வேண்டும். இருதயத்துக்காகத் தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும், கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வழியில் அவர் பேச்சுக் குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அதை அசதி என்று நினைக்காமல் நிழலில் உட்கார வைத்துத் தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 911 கூப்பிடுங்கள்.

இனி அவர் பட்டியல். மருத்துவர் பார்த்து, காய்ச்சல் இல்லை, போகலாம் என்று சொன்ன பிறகு.

சுப்பீரியர் தோட்டம், தாராளமாக. 1924-ல் பாய்ஸ் தாம்ப்சன் என்ற சுரங்க முதலாளி ஆரம்பித்தது, உலகத்துப் பாலைவனச் செடிகள் எல்லாம் இருக்கும், பெரிய மரங்களின் நிழல் உண்டு, உட்கார பெஞ்சு உண்டு. பாலோ வெர்டே மரங்கள் ஏப்ரலில் இலை தெரியாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும், நம் ஊர்ச் சரக்கொன்றை மாதிரி தொங்காது, மரத்தின் மேல் மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டது போல இருக்கும். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். கேன்யன் லேக் படகு, அதுவும் சரி, கூரை போட்ட பக்கம் உட்காருங்கள்.

சூப்பர்ஸ்டிஷன் மலை: லாஸ்ட் டச்மேன் பார்க்கிலிருந்து ஃபிளாட்டயர்ன் உச்சிக்கு ஏறுவதைத்தான் அவர் நினைக்கிறார் என்றால், வேண்டாம். கடைசிப் பகுதி கையையும் காலையும் ஊன்றிப் பாறையில் ஏறுவது, முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறவருக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை. அடிவாரத்தில் பூக்கள் நடுவே ஒரு மணி நேரம் நடந்தால் அதே மலை இன்னும் அழகாகத் தெரியும், உச்சியில் நின்றால் மலையைப் பார்க்க முடியாது என்று சொல்லிப் பாருங்கள்.

ஏ.டி.வி. ஓட்டம், கூடவே கூடாது. ஒருவர் பின் ஒருவராக மண் பாதையில் ஓட்டி, முன்னால் போகிறவர் கிளப்புகிற புழுதியைப் பின்னால் வருகிறவர் விழுங்குகிற விளையாட்டு அது. மேலே சொன்ன பூஞ்சையை இதைவிட நன்றாக நெஞ்சுக்குள் ஏற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஏற்கெனவே போயிருக்கிறாரா? போயிருந்தால் எந்தத் தேதி என்று குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டூசான் பயணம் ஒரு நாள் வேலை, ஆனால் அதுதான் இந்தப் பட்டியலின் தலை. பார்க் ஊருக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது, மேற்குப் பக்கத்துக்குப் போங்கள், டெசர்ட் டிஸ்கவரி என்று அரை மைல் நீளத்துக்குத் தார் போட்ட பாதை இருக்கிறது, முழங்காலுக்குத் தொந்தரவில்லை. கிட்டே நின்று பாருங்கள், பக்கவாட்டில் ஒரு கை முளைக்கவே சவாரோவுக்கு 50 முதல் 75 வருடம் ஆகும், அவருக்குச் சமவயதுக்காரர்கள் அங்கே இப்போதுதான் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் சோயா என்று ஒரு கள்ளி உண்டு, தூரத்தில் இருந்து பார்த்தால் வெல்வெட் பொம்மை மாதிரி இருக்கும், லேசாக உரசினாலே ஒரு உருண்டை கழன்று வந்து காலில் அப்பிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் அப்பும். இங்கே எல்லோரும் பையில் பல் அகன்ற ஒரு சீப்பு வைத்திருப்போம், உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி வெடுக்கென்று தள்ளிவிட வேண்டும், மிச்ச முள்ளுக்கு இடுக்கி. அவர் செருப்போடு போகவே கூடாது. சர்க்கரைக்காரர் காலில் முள் இருப்பது வலித்துத் தெரியாமலே போகலாம், இரவில் நீங்கள் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

பாம்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏப்ரலில் ராட்டில் பாம்புகள் வெளியே வந்துவிடும். பாதை நடுவில் நடங்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்க வேண்டாம். கடித்தால் நம் ஊர் வழக்கப்படி கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு 911.

கடைசியாகப் பூ. இரண்டு வாரம் தள்ளுவது நடக்காது, காரணம் வெயில் இல்லை, நாட்கணக்கு. ஒக்டோபர் 25 முதல் ஏப்ரல் 20 வரை எண்ணிப் பாருங்கள், 178 நாள். கனடாக்காரர்களை அமெரிக்காவில் வழக்கமாக ஆறு மாதத்துக்குத்தான் விடுகிறார்கள், 182-வது நாள் ஏப்ரல் 24-ல் வருகிறது, காரில் எல்லை தாண்டும் வரை அமெரிக்காவில் கழிகிற நாட்களும் இதில் சேரும், வரிக் கணக்கிலும் இந்த நாட்களை எண்ணுவார்கள். ஒன்ராரியோவின் அரசு மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் 212 நாள் வரை வெளியில் இருக்க விடும் என்பதை வைத்து இங்கேயும் இருக்கலாம் என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு. அதோடு வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஓஹிப் தருவது அதிகபட்சம் நாளுக்கு 400 கனடிய டாலர், இங்கே அது அவசரப் பிரிவின் வாசலுக்கே காணாது. இன்சூரன்ஸ் 20-ம் தேதியோடு முடிகிறதென்றால் அது முடிவதற்கு முன்பே நீட்டிக்க வேண்டும். இருமலுக்கு மருத்துவரைப் பார்த்த பிறகு அதே நிபந்தனைகளில் நீட்டிப்பார்களா, மருந்தளவு மாறினால் 90 நாள் அல்லது 180 நாள் மாறாமல் இருக்க வேண்டும் என்கிற விதி குறுக்கே வருமா என்று அதே ஃபோனில் கேட்டுவிடுங்கள். அதற்குப் பயந்து மருத்துவரைத் தள்ளிப் போடுவது மட்டும் வேண்டாம்.

கிளம்பின பிறகு ஒன்று. மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கார்ப் பயணம், நீர் மாத்திரை போடுகிறவர்கள் அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி நடக்கட்டும், குடிக்கட்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுவும் நல்லது. மூடிய காருக்குள் மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், சர்க்கரை பார்க்கிற பட்டைகளும் சூட்டில் கெட்டுப் பொய்க் கணக்குக் காட்டும். ஸ்காபரோ போனதும் மருத்துவரிடம் கொடுக்க ஒரு தாளில் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அரிசோனாவில் மேசாவில் இருந்தோம். வேலி ஃபீவர் பரிசோதனை இந்தத் தேதியில் எடுத்தோம், முடிவு இது.” இருமல் இல்லாவிட்டாலும் கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று எழுதுங்கள், அதே காற்றைத்தானே நீங்களும் சுவாசித்தீர்கள்.

ஆக கணக்கில் மிச்சம் இருக்கிற நான்கு நாளும் எல்லை தாண்டுகிற கார்ப் பயணத்துக்கே வேண்டும், 20-ம் தேதியைத் தள்ள வேண்டாம். சவாரோ பூப்பது மே மாதத்தில்தான் உச்சம், ஆனால் ஏப்ரலிலேயே ஆங்காங்கே முந்திக்கொள்கிற ஒன்றிரண்டு இருக்கலாம். டூசான் பயணத்தைக் கிளம்புவதற்கு முந்தைய கடைசி நாட்களுக்கு மாற்றிப் பாருங்கள், கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். பூ இரவில் விரியும், வௌவாலும் புறாவும் தேனீயும் வந்துபோகும், மறுநாள் பிற்பகலுக்குள் மூடிவிடும், மறுபடி திறக்காது. அதனால் மேசாவில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள், எட்டு மணிக்குள் மரத்தடியில் நிற்க வேண்டும். பூ உச்சியில் இருக்கும், பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள்.